தளை, நரம்பு, தோல்: கலைக்குள் இருக்கும் கணக்கு

கலையையும் அறிவியலையும் இணைத்துப் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் பொன் விகிதத்தில் போய் நிற்கும். சிப்பியிலும் சிலையிலும் பழைய கட்டடங்களின் முகப்பிலும் 1.618 ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புவரை அளப்பது என்பதை அளப்பவரே முடிவு செய்துகொண்டால், விரும்பிய எண்ணை விரும்பிய இடத்தில் கண்டெடுக்கலாம். அந்த முகப்பை 1.7 விகிதத்தில் கட்டியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது. எது தவறினால் என்ன கெடும், ஏன் கெடும் என்று சொல்ல முடிகிற தொடர்பைத்தான் மெய்யான தொடர்பாகக் கொள்ள வேண்டும். அந்த உரைகல்லில் தேறும் மூன்று இடங்களை இங்கே பார்க்கலாம்: வெண்பாவின் தளை, இசைக்கருவியின் நரம்பு, மிருதங்கத்தின் தோல்.

வெண்பா

தமிழ் யாப்பில் அசை இரண்டு: நேர், நிரை. எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே அசை பிரிக்கலாம். நெடில் வந்தால் அது நேரசை. குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தது ஒற்று என்றால் நேர். குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரை. தொடரும் ஒற்றுகளை அந்த அசையோடு சேர்த்துவிட்டு அடுத்த அசைக்குப் போகலாம். சீரின் கடைசியில் தனியே மிஞ்சும் குறிலும் நேர்தான். ஓர் எழுத்துக்கு மேல் முன்னே எட்டிப் பார்க்கவோ, பிரித்த அசையைத் திரும்பப் பிரிக்கவோ தேவையில்லை. கணினி நிரலாளர்கள் விரும்பும் வகை விதி இது.

அசைகள் அடுக்கிச் சீர் ஆகின்றன. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16, ஆக 30. நேர்பு, நிரைபு என இன்னும் இரண்டு அசைகளையும் கொள்ளும் தொல்காப்பியத்தின் கணக்கில் ஓரசை 4, ஈரசை 16, மூவசை 64, ஆக 84. கிடைத்த பாட்டுகளைப் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்கான எண்கள் வந்திரா. ஒன்றையும் விடாமல் எல்லா வாய்ப்புகளையும் எண்ணியவர்களின் பட்டியல் இது.

இனிக் குறள் வெண்பாவுக்கு வருவோம். ஏழு சீர். முதல் ஆறு சீர்களுக்கு ஈரசைச்சீர் நான்கும் (தேமா, புளிமா, கூவிளம், கருவிளம்), நேரசையில் முடியும் மூவசைச்சீர்களான காய்ச்சீர் நான்கும் மட்டுமே இடம்பெறலாம். நிரையசையில் முடியும் மூவசைச்சீரான கனிச்சீருக்கு அனுமதி இல்லை. ஏழாம் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்று. தளை என்ற கட்டுப்பாடு மட்டும் இல்லையென்றால் 8-ஐ ஆறு முறை பெருக்கி, அதை 4-ஆல் பெருக்க வேண்டும்: 10,48,576 அமைப்புகள்.

தளை இந்த எண்ணை எப்படிக் குறைக்கிறது? மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்பது விதி (நேரில் முடியும் ஈரசைச்சீர் மா, நிரையில் முடிவது விளம்). அதாவது முந்தைய சீர் எதுவோ அதுவே அடுத்த சீரின் முதல் அசையைத் தீர்மானித்துவிடுகிறது. எட்டுச் சீர்களில் நான்கு நேரில் தொடங்குகின்றன, நான்கு நிரையில். கடைசிச் சீரிலும் அப்படியே: நாளும் காசும் நேர், மலரும் பிறப்பும் நிரை. ஆகவே ஒவ்வொரு தளையும் வாய்ப்புகளைச் சரிபாதியாக வெட்டுகிறது. ஏழு சீர்களுக்கிடையே ஆறு இணைப்புகள். ஆறு முறை பாதியாக்கினால் 10,48,576 என்பது 16,384 ஆகிறது. இருமை எண் மொழியில் சொன்னால், 20 பிட் அளவு சுதந்திரத்திலிருந்து தளைக்கு ஒரு பிட் வீதம் ஆறைக் கழித்து, மிச்சம் 14 பிட். 15 சீர் கொண்ட நான்கடி வெண்பாவுக்கும் இதே கணக்கைப் போடலாம்: 44-இல் 14 போக 30 பிட், நூறு கோடிக்கு மேற்பட்ட அமைப்புகள். திருக்குறளின் 1330 பாக்களும் ஒன்றுக்கொன்று வேறான அமைப்பில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், இலக்கணம் இடம் தந்ததில் நூற்றுக்கு எட்டு பங்குதான் பயன்பட்டிருக்கும். எதுகை, மோனை இந்தக் கணக்கில் சேரவில்லை.

முதல் குறளையே சோதித்துப் பார்க்கலாம். அகர, முதல: இரண்டும் புளிமா. எழுத்தெல்லாம்: புளிமாங்காய். ஆதி: தேமா. பகவன், முதற்றே: புளிமா. உலகு: பிறப்பு. மாச்சீர் வந்த இடங்களிலெல்லாம் அடுத்தது நிரையில் தொடங்குகிறது. காய்ச்சீருக்குப் பின் 'ஆதி' என்று நேர் வருகிறது. ஆறு தளையும் சரி.

இப்போது படிக்க எளிதாக இருக்கட்டும் என்று 'எழுத்து எல்லாம்' எனச் சந்தி பிரித்து அச்சிடுகிறார்கள் என்று வையுங்கள். 'எழுத்து' புளிமா ஆகிவிடும். அதன் பின் 'எல்' என்ற நேர் வந்து நிற்கும். மாமுன் நேர், தளை தட்டுகிறது. நான்கு சீர் இருக்க வேண்டிய அடியில் ஐந்து சீர் ஆகிவிட்ட குறை வேறு. சந்தி பிரித்த பதிப்பிலிருந்து பாட்டை எடுத்து யாப்புச் சோதிக்கும் நிரலில் போட்டால், நிரல் வள்ளுவரைத் திருத்தப் பார்க்கும். குற்றம் நிரலுடையது இல்லை, கொடுத்த பாடத்துடையது.

நிரல் எழுதுபவர் சறுக்கும் இன்னொரு இடம் ஐகாரம். ஐ நெடில்தான், ஆனால் சொல்லின் இடையிலும் கடையிலும் குறுகிக் குறிலாக அலகு பெறும். 'கேண்மையவர்' என்பதில் 'மை'யை நெடிலாகவே எடுத்தால் கேண்-மை-யவர் என்று தேமாங்கனி வரும், வெண்பாவுக்கு ஆகாது. குறுக்கம் என்று கொண்டால் கேண்-மைய-வர், கூவிளங்காய், தாராளமாக வரலாம். குற்றியலிகரத்துக்கு அலகே கிடையாது. ஈற்றுச் சீரின் உகரத்துக்குத் தனிச் சலுகை. 'உலகு' முடிவில் வந்தால் பிறப்பு. 'உலகம்' என்று ஒரு மகரம் கூடினால் புளிமா, பாட்டு வெண்பா இல்லை. எழுத்து வரிவடிவத்தை மட்டும் வைத்து நிரல் எழுதினால் இத்தனையும் தவறும், ஏனென்றால் யாப்பு கணக்கிடுவது ஒலியை.

தளை விதியின் அமைப்பு கணிதத்தில் வேறொரு பெயரில் இருக்கிறது. அடுத்து என்ன வரலாம் என்பதை இப்போதைய நிலை மட்டுமே தீர்மானிக்கிறது, அதற்கு முன் நடந்தவை தேவையில்லை என்ற நிகழ்வுத் தொடரை மார்க்கோவ் சங்கிலி என்பார்கள். அதுவும் இலக்கியத்தில்தான் முதன்முதலில் சோதிக்கப்பட்டது. 1913-இல் ரஷ்யக் கணிதர் ஆந்திரே மார்க்கோவ், புஷ்கினின் 'யெவ்கெனி ஒனேகின்' கவிதைப் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கிவிட்டு, உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எழுத்தைத் தொட்டால் அது உயிராக இருக்க 43 விழுக்காடு வாய்ப்பு. ஆனால் முந்தைய எழுத்து உயிர் என்றால் அந்த வாய்ப்பு 13 விழுக்காடாகச் சரிந்தது. மெய் என்றால் 66-க்கு ஏறியது. எழுத்துகள் ஒன்றையொன்று சார்ந்து வருகின்றன, அந்தச் சார்பை அளக்கலாம் என்பது அப்போது புதுச் செய்தி. இன்றைய மொழி மாதிரிகள் எல்லாம் அந்த எண்ணிக்கையின் வழிவந்தவை. ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: மார்க்கோவ் அளந்தது மொழியின் பழக்கத்தை, தளை சொல்வது விதியை. பழக்கத்தில் 13 விழுக்காட்டுக்கு இடம் உண்டு. தளையில் சுழியத்துக்கு மேல் இடமே இல்லை.

பாட்டிலக்கணம் கணிதத்துக்குக் கொடுத்த இன்னொன்றையும் சொல்லிவிடலாம். வடமொழி யாப்பில் குறு ஒரு மாத்திரை, நெடு இரண்டு. ஓர் அடிக்கு இத்தனை மாத்திரை என்று வைத்தால் எத்தனை வகையாக நிரப்பலாம்? கடைசி எழுத்து குறு என்றால் முன்னால் ஒரு மாத்திரை குறைந்த அடி. நெடு என்றால் இரண்டு மாத்திரை குறைந்த அடி. எனவே ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல்: 1, 2, 3, 5, 8, 13. யாப்பறிஞர் விரகாங்கரும் அவருக்குப் பின் 1150-ஐ ஒட்டி ஹேமச்சந்திரரும் இதைச் சொல்லிவிட்டார்கள். முயல் பெருக்கத்தை வைத்து இதே வரிசையைச் சொன்ன ஃபிபொனாச்சியின் நூல் 1202-இல் வந்தது. முயல் கணக்கில் எந்த முயலும் சாவதில்லை. யாப்புக் கணக்கில் அப்படியொரு சமாளிப்பும் தேவைப்படவில்லை.

நரம்பு

பழந்தமிழ் இசையில் சுரங்களின் பிறப்பைச் சொல்லும் வரிசை ஒன்று உண்டு: தாரத்துள் உழை, உழையுள் குரல், குரலுள் இளி, இளியுள் துத்தம், துத்தத்துள் விளரி, விளரியுள் கைக்கிளை. இன்றைய பெயரில் நி, ம, ச, ப, ரி, த, க. ஒவ்வொன்றும் முந்தையதற்கு ஐந்தாவது சுரம். அதாவது அதிர்வெண்ணை 3/2-ஆல் பெருக்குவது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான் என்பதால் சுருதி கூட்டுவதற்கு இதுவே வசதியான முறை: இரண்டு நரம்புகளைச் சேர்த்து மீட்டி, ஒலி ஏறி இறங்கித் துடிக்கும் விம்மல் அடங்கும்வரை ஒன்றை முறுக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரு கோளாறு மறைந்திருக்கிறது. 3/2-ஐ 12 முறை பெருக்கினால் 129.75 வருகிறது. தொடங்கிய சுரத்தின் ஏழாம் மேல்நிலை, அதாவது ஏழு முறை இரட்டித்தால் வருவது, 128. வட்டம் மூடவில்லை, 1.36 விழுக்காடு மிஞ்சுகிறது. இதைச் செவி கேட்குமா? 240 ஹெர்ட்ஸில் தொடங்கினால் திரும்பி வந்து சேரும் இடம் 243.3 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு மூன்று விம்மலுக்கு மேல் கேட்கும். கைத்திறன் போதாததால் வரும் பிழை இல்லை இது. 3-இன் எந்த அடுக்கும் 2-இன் எந்த அடுக்குக்கும் சமமாகாது என்ற எண்ணியல் உண்மையால் வருவது. எந்தக் கைவினைஞராலும் நீக்க முடியாது, வேறிடத்துக்குத் தள்ளிவைக்கத்தான் முடியும்.

பியானோவும் ஆர்மோனியமும் அதைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுகின்றன. அதனால் பஞ்சமம் 1.5 ஆக இல்லாமல் 1.4983 ஆகிறது, பெரிய சேதமில்லை. அடி வாங்குவது அந்தர காந்தாரம். அது 5/4, அதாவது 1.25 ஆக இருந்தால் இணையும். சமப் பங்கீட்டில் 1.26 ஆகிவிடுகிறது. ஆதார சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்தாம் சீரிசை, அதாவது அதன் ஐந்து மடங்கு அதிர்வெண், 1200. விசைப்பலகைக் காந்தாரத்தின் நான்காம் சீரிசை ஏறக்குறைய 1209.5. நொடிக்கு ஒன்பது பத்து விம்மல். பஞ்சமத்தில் அதே விம்மல் நொடிக்கு ஒன்றுகூட வராது. பின்னால் தம்புரா ஒலிக்கையில் ஆர்மோனியத்தின் காந்தாரம் காதை உறுத்துகிறது என்று பாடகர்கள் சொல்வதை ரசனை வேறுபாடு என்று ஒதுக்க வேண்டியதில்லை; எண்ணிச் சரிபார்க்கலாம்.

தம்புராவில் அந்த ஐந்தாம் சீரிசை ஏன் அவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது என்பது தனிக் கதை. ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாக, அதாவது அசையாத இடமாக, கொண்ட சீரிசைகள் எழக் கூடாது என்பது இயற்பியலில் பழைய விதி. சரிநடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது சீரிசைகள் இருக்கக் கூடாது. வீணையும் தம்புராவும் இந்த விதிக்கு அடங்குவதில்லை என்று 1921-இல் சி. வி. ராமன் எழுதினார். காரணம் பாலத்தின் அகன்ற வளைந்த மேற்பரப்பு. கம்பி ஒரு கூர்முனையில் முடியாமல், ஒவ்வோர் அதிர்விலும் அந்த வளைவில் படிந்து விலகுகிறது. இல்லாத சீரிசைகளை அந்த உரசல் உண்டாக்குகிறது. தம்புராவின் பாலத்தில் கம்பிக்கடியில் செருகும் ஜீவாளி நூல் வேலை செய்வது இங்கேதான். நூலை முன்னும் பின்னும் மிக மெல்ல நகர்த்தித் தேட வேண்டும். சரியான இடத்தைத் தாண்டினால் கம்பி பாலத்தில் படிவதே நின்று ஒலி மொட்டையாகும். எட்டாமல் நின்றால் கரகரப்புதான் மிஞ்சும். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே தேட வேண்டும், சுருதி மாற்றினால் மறுபடியும்.

தோல்

கம்பியின் மேற்சுரங்கள் இயற்கையாகவே 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் வரும். வட்டமாக இழுத்துக் கட்டிய தோலுக்கு அந்த வசதி கிடையாது. சீரான தோலின் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 : 2.65 : 2.92 என்று போகும். இவற்றில் எதுவும் எதனோடும் இணையாது. அதனால்தான் சாதாரணப் பறையிலும் பேரிகையிலும் முழக்கம் இருக்கும், தெளிவான சுருதி இருக்காது. தோலை இன்னும் இறுக்கினால் எல்லா அதிர்வெண்களும் ஒரே மடங்கில் ஏறுமே தவிர விகிதம் மாறாது. எனவே இறுக்கம் இதற்கு மருந்தாகாது.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவிலுள்ள கருவட்டம்தான் மருந்து. அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் அதிகம் ஏறி இறங்குகிறது. அங்கே கனம் ஏற்றினால் அந்த அதிர்வு வெகுவாக மந்தமாகும். இரண்டாவது அதிர்வில் தோல் இரு பாதிகளாகப் பிரிந்து, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. கணுக்கோடு நடுவழியே போவதால் அங்குள்ள கனம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. அடிப்படை அதிகம் தாழ, இரண்டாவது கொஞ்சமே தாழ, அவற்றின் விகிதம் 1.59-லிருந்து 2-ஐ நோக்கி விரிகிறது. மற்ற அதிர்வுகளும் இப்படியே இடம் மாறுகின்றன. 2.14-இல் இருந்ததும் 2.30-இல் இருந்ததும் ஒன்றாகி 3-இல் வந்து நிற்பதுதான் இதில் அழகு. இந்தத் தாளக்கருவிகளின் மேற்சுரங்கள் சீரிசைகளாக இருப்பதை ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். 1934-இல் ராமன் விரிவாக எழுதிய கட்டுரையில் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சீரிசைகளாகக் கூடுவதைக் காட்டினார். தோலின் மேல் நுண்மணல் தூவித் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் போய்ச் சேரும். அதுவே அவருக்கு அளவுகருவி.

வாசிப்பவரின் விரலும் இதே வேலையைச் செய்கிறது. மோதிர விரலைக் கருவட்டத்தின் மேல் லேசாக வைத்துக்கொண்டு சுட்டுவிரலால் ஓரத்து மீட்டில் தட்டும்போது, விரல் தொட்ட இடத்தில் அசைய வேண்டியிருக்கும் அதிர்வுகள் எல்லாம் அணைந்துபோகும். அடிப்படை அணைந்துவிடும், அந்த இடத்தில் கணு உள்ள இரண்டாவது அதிர்வு தப்பிக்கும். பளிச்சென்று கேட்கும் சுருதி அதனுடையது. விரலை அழுத்தி வைத்தால் எல்லாமே அணைந்து கட்டையடித்தாற்போல் ஆகும்.

பூச்சின் செய்முறையில் இயற்பியல் இன்னும் நுணுக்கமாக ஒளிந்திருக்கிறது. வேகவைத்த சோற்றோடு இரும்புச்சத்துள்ள கல்லின் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படலம் படலமாக இடுவார்கள். ஒவ்வொரு படலத்தையும் வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவிட்ட பிறகே அடுத்தது. மேலே போகப் போக வட்டம் குறுகும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு முழுவதும் மயிரிழை வெடிப்புகள் விழும். வெடிப்பைக் குறை என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது இல்லாவிட்டால் கருவட்டம் ஒரே தகடாகி, தோலுக்குக் கனத்தோடு விறைப்பையும் சேர்த்துவிடும். கணக்கு முழுவதும் குலையும். வெடிப்புகள் அதைத் தனித்தனிச் சில்லுகளாகப் பிரிப்பதால் கனம் மட்டும் சேர்கிறது, தோல் வளைவதற்குத் தடையில்லை. ஒரே தடவையில் தடியாகப் பூசி நேரம் மிச்சம் பிடித்தால் இந்த வெடிப்பு வலை சரியாக உருவாகாது. பூச்சு பெரிய துண்டாகப் பெயரும்.

பூச்சு மெலிந்தால் இரண்டாவது அதிர்வு 2-ஐ எட்டாமல் நிற்கும், தடித்தால் தாண்டிப்போகும். இரண்டிலும் சுருதி கலங்கும். இன்னொரு கோளாறு சமச்சீர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது அதிர்வின் கணுக்கோடு தோலில் எந்தத் திசையிலும் விழலாம். எல்லாத் திசையிலும் அதிர்வெண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்க வார் தளர்ந்திருந்தால் திசைக்கொரு அதிர்வெண்ணாகப் பிளந்து, ஒரே தட்டில் இரண்டும் எழுந்து விம்மும். அதனால்தான் சுருதி சேர்ப்பவர் பின்னல் விளிம்பைச் சுற்றிவந்து, ஒவ்வோர் இடமாக மீட்டிக் கேட்டு, தாழ்ந்த இடத்தில் மேலிருந்து தட்டி ஏற்றி, ஏறிய இடத்தில் கீழிருந்து தட்டி இறக்குகிறார். காற்றின் ஈரம் கூடினால் தோல் தளர்ந்து இந்தச் சமன் குலையும், மறுபடி சுற்ற வேண்டியதுதான். விளிம்பு முழுவதும் ஒரே சுருதிக்கு வந்த பிறகும் விம்மல் அடங்கவில்லை என்றால், பூச்சு நடுவிலிருந்து விலகியிருக்கிறது அல்லது ஒரு பக்கம் சில்லு உதிர்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சரிசெய்ய முடியாது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு முதல் படலத்திலிருந்து இட வேண்டும்.